திருந்தி வந்தவனை எந்தப் பெயரால் அழைக்கிறோம்?

கடந்த வருடம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம், எங்கள் புடவைக் கடையின் லாச்சியில் ஐயாயிரம் ரூபாய் குறைந்தது. கணக்கை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். சரிவரவில்லை. தலையை நிமிர்த்தி, துணி மடித்துக் கொண்டிருந்த என் தம்பியைப் பார்த்தேன். ஒரு வார்த்தையும் பேசவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

இஷாத் தொழுகைக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்று பகல் கொழும்பிலிருந்து சாமான் கொண்டு வந்த லொறிக்காரருக்குக் கூலியை நானே லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தேன். கொப்பியில் எழுத மறந்துவிட்டேன். தம்பியிடம் போய், "காசுக் கணக்கு சரி, நான்தான் எழுத மறந்திட்டேன்" என்று சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன் நானா. நீங்க கேக்காமலே பாத்தீங்க. அதுதான் நோவுது" என்றான்.

அந்த வார்த்தை என்னை நீண்ட நாட்கள் தூங்க விடவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

என் தம்பி ஒரு காலத்தில் போதைவஸ்துக்கு அடிமையாக இருந்தவன். லாச்சியில் கை வைத்தான். உம்மாவின் இரண்டு காப்புகளை அடகு வைத்துக் குடித்தான். வாப்பாவின் மௌத்துக்குப் பிறகு குடும்பத்தைத் தாங்கிக் கொண்டிருந்த என்னை ஊருக்கு முன்னால் தலைகுனிய வைத்தான். இரண்டு முறை புனர்வாழ்வு நிலையத்துக்குப் போய்த் திரும்பி, இரண்டு முறையும் பழைய இடத்திலேயே விழுந்தான். மூன்றாவது முறை திரும்பி வந்தவன் அன்றைக்கு இரண்டு வருடங்களாக, அல்ஹம்துலில்லாஹ், சுத்தமாக இருந்தான். நானும் அவனை மன்னித்துவிட்டதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக் கொண்டிருந்தேன். ஆனால் ஐயாயிரம் ரூபாய் குறைந்த அந்த நொடியில் என் கண்ணுக்குத் தெரிந்தது துணி மடித்துக் கொண்டிருந்தவன் அல்ல. காப்பை அடகு வைத்தவன்தான் தெரிந்தான்.

ஒரு மனிதன் உண்மையிலேயே மாறுவது எப்படி? அவனால் பாதிக்கப்பட்டவர்கள் அவனை உண்மையிலேயே மன்னிப்பது எப்படி? இவை இரண்டு வேறு கேள்விகள் என்று நான் நினைத்திருந்தேன். "நான் யார்?", "இவன் யார்?" என்ற கேள்விகளுக்கு நாம் வைத்திருக்கும் பதிலில்தான் இரண்டுமே தங்கியிருக்கின்றன என்பது இப்போது ஓரளவு விளங்குகிறது.

ரமழானில் விட்டது, பெருநாளில் தொட்டது

தம்பியைப் பற்றிப் பேசுவதற்கு முன் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பல வருடங்கள் சிகரட் குடித்தவன். ஒவ்வொரு ரமழானிலும் பகல் முழுவதும் தொட மாட்டேன். சில வருடங்கள் இரவிலும் தொடாமல் முப்பது நோன்பையும் முடித்திருக்கிறேன். ஆனால் பெருநாள் இரவு சந்திக் கடையில் நண்பர்களோடு நின்றால் கை தானாக நீளும். ஒரு மாதம் இருக்க முடிந்தவனால் ஒரு நாள் அதிகமாக இருக்க முடியவில்லையே என்று வெட்கமாக இருக்கும். அடுத்த ரமழானுக்கு மீண்டும் நிய்யத் வைப்பேன்.

இது எனக்கு மட்டும் நடப்பதல்ல. ரமழானில் ஸுபஹுக்கு இடமில்லாமல் நிறையும் பள்ளிவாசல் ஷவ்வால் பிறந்ததும் ஒன்றரை ஸஃப்புக்கு வந்துவிடுவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். மனஉறுதி போதவில்லை என்று பயானில் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். முப்பது நாள் பசியையும் தாகத்தையும் தாங்கியவனிடம் உறுதி இல்லை என்று எப்படிச் சொல்வது?

குறை வேறு இடத்தில் இருந்தது. அந்த முப்பது நாளும் நான் என்னை "சிகரட் குடிக்கிறவன், இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறவன்" என்றே நினைத்துக் கொண்டிருந்தேன். நோன்பு என் கையைக் கட்டி வைத்திருந்தது. நான் யார் என்ற எண்ணம் அப்படியே இருந்தது. கட்டு அவிழ்ந்ததும் கை பழைய இடத்துக்குப் போனது.

அதை மாற்றியது என் மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது. குர்ஆன் மத்ரஸாவில் உஸ்தாத் சிகரட்டின் கெடுதியைப் பற்றிச் சொல்லிவிட்டு, யாருடைய வீட்டில் குடிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். பல பிள்ளைகள் கை உயர்த்தியிருக்கிறார்கள். இவள் உயர்த்தவில்லை. இரவுச் சாப்பாட்டில் எல்லோருக்கும் முன்னால், "நான் சொன்னேன், எங்கட வாப்பா அப்படி ஆள் இல்லை எண்டு" என்றாள். நான் அவளுக்குத் தெரியாமல் குடித்து வந்தது அவளுக்குத் தெரியாது. என் மனைவி என்னைப் பார்க்காமல் கறிச்சட்டியைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

அன்று இரவு நான் பெரிய சத்தியம் எதுவும் செய்யவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை பெட்டியை எடுத்தபோது, அந்தப் பிள்ளை எனக்கு வைத்த பெயர் குறுக்கே வந்து நின்றது. சில வாரங்களுக்குப் பிறகு ஒரு வலீமாவில் பழைய கூட்டாளி ஒருவர் பெட்டியை நீட்டினார். முன்பென்றால், "வேணாம் மச்சான், விடப் பாக்கிறேன்" என்று சொல்லியிருப்பேன். அவரும் "ஒண்டுதானே" என்று வற்புறுத்தியிருப்பார். அன்று வாயில் வந்தது, "நான் குடிக்கிறதில்லை." அவர் பெட்டியைச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டார்.

"விடப் பார்க்கிறேன்" என்பது இன்னும் உள்ளே இருப்பவன் பேசும் பேச்சு. "நான் குடிக்கிறதில்லை" என்பது வெளியே வந்துவிட்டவன் பேசும் பேச்சு. 2012இல் அமெரிக்காவில் வனேசா பேட்ரிக், ஹென்ரிக் ஹாக்ட்வெட் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த வித்தியாசத்தைச் சோதித்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆசையைத் தூண்டும் உணவைக் கண்டால் "என்னால் சாப்பிட முடியாது" என்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு குழுவிடமும், "நான் சாப்பிடுவதில்லை" என்று சொல்லிக்கொள்ளும்படி மற்றக் குழுவிடமும் கூறினார்கள். முடிந்து வெளியேறும்போது இனிப்பும் சத்துணவும் முன்னால் வைக்கப்பட்டன. "முடியாது" என்றவர்களில் 39 வீதத்தினரும் "சாப்பிடுவதில்லை" என்றவர்களில் 64 வீதத்தினரும் சத்துணவை எடுத்தார்கள். முதலாவது, வேறு யாரோ போட்ட தடையைப் போல ஒலிக்கிறது. இரண்டாவது, "நான் இப்படிப்பட்டவன்" என்ற அறிவிப்பு.

அடையாளம் ஒரு நாளில் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரங்கள் அவதானித்தார்கள். ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வருவதற்கு எடுத்த காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்று கணித்தார்கள். நடுத்தர அளவு 66 நாட்கள். அப்படிப் பார்த்தால் ரமழானின் முப்பது நாட்கள் பலருக்கும் பாதி வழிதான். இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. "ஒரு நாள் தவறிவிட்டது, இனி நான் பழைய ஆள்தான்" என்று மனதுக்குள் போடும் தீர்ப்புதான் அந்த ஒரு நாளை விட அதிகமாக நம்மைக் கெடுக்கிறது.

முதலில் ஈமான், பிறகு சட்டம்

நம் மார்க்கத்தின் வரலாற்றில் இதற்கு மிகப் பெரிய உதாரணம் உண்டு. மது அருந்துவது அரபு மக்களின் வாழ்க்கையில் ஊறிப் போயிருந்த பழக்கம். அது ஒரே நாளில் தடை செய்யப்படவில்லை. அதன் பாவம் பயனை விடப் பெரியது என்று முதலில் உணர்த்தப்பட்டது (2:219). பிறகு போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாம் எனச் சொல்லப்பட்டது (4:43). இறுதியாகவே முழுத் தடை வந்தது (5:90, 91).

இந்த ஒழுங்கின் காரணத்தை அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் விளக்கியிருப்பது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. முதலில் இறங்கியவை சுவனத்தையும் நரகத்தையும் பற்றிய வசனங்கள். மக்கள் இஸ்லாத்தின் பால் திரும்பி உறுதியான பிறகே ஹலால், ஹராம் பற்றிய சட்டங்கள் இறங்கின. ஆரம்பத்திலேயே மது அருந்தாதீர்கள் என்று இறங்கியிருந்தால், ஒருபோதும் விட மாட்டோம் என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்பது அன்னையின் விளக்கத்தின் கருத்து.

அதாவது, முதலில் மனிதன் "நான் அல்லாஹ்வின் அடியான்" என்ற நிலைக்கு வந்தான். பழக்கம் அதைப் பின்தொடர்ந்தது. அதனால்தான் இறுதித் தடை வந்த நாளில் மதீனாவில் யாரும் அவகாசம் கேட்கவில்லை. அபூ தல்ஹா (ரழி) அவர்களின் வீட்டில் மது பரிமாறிக் கொண்டிருந்த அனஸ் (ரழி) அவர்கள், அறிவிப்பாளரின் குரல் கேட்டதும் இருந்ததை வெளியே கொட்டும்படி பணிக்கப்பட்டார்கள். அன்று மதீனாவின் தெருக்களில் மது ஓடியது.

செயலுக்குத் தண்டனை, ஆளுக்கு மரியாதை

சட்டம் வந்த பின்னும் விழுந்தவர்கள் இருந்தார்கள். அப்துல்லாஹ் என்ற ஒரு ஸஹாபி நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். மது அருந்தியதற்காக அவர் தண்டிக்கப்பட்டிருந்தார். மீண்டும் ஒரு நாள் அதே குற்றத்துக்காகக் கொண்டு வரப்பட்டார். கூட்டத்தில் ஒருவர், எத்தனை தடவைதான் இவன் கொண்டு வரப்படுவான் என்று சொல்லி அவரைச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்பதையே தாம் அறிந்திருப்பதாகச் சொன்னார்கள் (புகாரி).

தண்டனை ரத்து செய்யப்படவில்லை. குடித்தது சரி என்றும் சொல்லப்படவில்லை. ஆனால் "குடிகாரன்" என்பது அவருடைய பெயராகிவிட அனுமதிக்கப்படவில்லை. விழுந்து கிடந்தவருக்கு "அல்லாஹ்வை நேசிப்பவர்" என்ற அடையாளம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. இத்தகைய ஒருவரைப் பற்றிய இன்னோர் அறிவிப்பில், உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தும் வருகிறது. இழிவுபடுத்தப்பட்டவன் எங்கே போவான் என்பதை அந்த எச்சரிக்கை சுட்டிக் காட்டுகிறது.

இக்காலத்து உளவியலும் இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. ஜூன் டேங்னி என்ற உளவியலாளர் குற்ற உணர்வையும் அவமான உணர்வையும் பிரித்துக் காட்டுகிறார். "நான் ஒரு கெட்ட காரியம் செய்துவிட்டேன்" என்பது குற்ற உணர்வு. "நான் கெட்டவன்" என்பது அவமானம். முதலாவது உணர்வு உள்ளவன் உடைத்ததைச் சரி செய்ய ஓடுகிறான். இரண்டாவது உணர்வு உள்ளவன் ஒளிந்து கொள்கிறான், அல்லது பழியை மற்றவர் மீது போடுகிறான். சிறைக் கைதிகளை வைத்து அவரும் சக ஆய்வாளர்களும் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், குற்ற உணர்வு கூடியவர்கள் விடுதலைக்குப் பின் மீண்டும் குற்றம் செய்வது குறைவாகக் காணப்பட்டது. அவமானம் பழிபோடுதலோடு சேரும்போது நிலைமை மோசமானது.

ஷாட் மருனா என்ற குற்றவியலாளர் இங்கிலாந்தின் லிவர்பூலில், குற்ற வாழ்க்கையை விட்டவர்களையும் விடாதவர்களையும் சந்தித்து அவர்களது கதைகளைக் கேட்டார். அதை 2001இல் நூலாக வெளியிட்டார். விட்டவர்கள் தங்கள் கடந்த காலத்தை மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் தங்களது உண்மையான ஆள் நல்லவன், நடுவில் வழி தவறிவிட்டான் என்ற வகையில் தங்கள் கதையைச் சொன்னார்கள். விடாதவர்கள், தங்கள் தலையெழுத்து எப்போதோ எழுதப்பட்டு முடிந்துவிட்டது என்பது போலப் பேசினார்கள்.

இதை வாசித்தபோது தம்பி முதல் இரண்டு முறை திரும்பி வந்த நாட்கள் ஞாபகம் வந்தன. இரண்டு முறையும் நான் அவனை முன்னறையில் உட்கார வைத்து, செய்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினேன். "நீ இப்படித்தான்" என்று முடித்தேன். அவன் மீண்டும் விழுந்ததற்கு நான்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. அது அவனுடைய தவறு. அதை அவனே ஒப்புக் கொள்கிறான். ஆனால் எழுந்து நிற்க முயன்றவன் பிடித்துக் கொள்வதற்கு நான் எதையும் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

மன்னிப்பவன் யார்?

இனி மறுபக்கம். மன்னிப்பவனுக்கும் ஓர் அடையாளம் இருக்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

பல வருடங்கள் நான் "தம்பியால் அநியாயம் செய்யப்பட்ட நானா" ஆக வாழ்ந்தேன். அது பொய்யல்ல, அநியாயம் நடந்தது. ஆனால் காலம் போகப் போக அந்தப் பெயர் எனக்கு வசதியாகிவிட்டது. ஊரில் என் மீது அனுதாபம் இருந்தது. குடும்பத்தில் என் பேச்சே கடைசிப் பேச்சு. வியாபாரத்தில் நான் விட்ட பிழைகளைக் கூட அவன் கணக்கில் எழுத முடிந்தது. அவன் உண்மையிலேயே திருந்திவிட்டால் நான் யார்? இந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்கத் துணிந்தது லொறிக்கூலிச் சம்பவத்துக்குப் பிறகுதான்.

சூரதுந் நூரின் 22ஆவது வசனத்தை அதன் பிறகு புதிதாக வாசித்தேன். பின்னணி பலருக்கும் தெரிந்ததே. அன்னை ஆயிஷா (ரழி) மீது அவதூறு பரப்பப்பட்டபோது அதைப் பேசியவர்களில் மிஸ்தஹ் (ரழி) அவர்களும் ஒருவர். அவர் அபூபக்ர் (ரழி) அவர்களின் உறவினர், ஏழை. அபூபக்ர் (ரழி) அவர்களின் செலவில் வாழ்ந்தவர். யாருடைய சோற்றைச் சாப்பிட்டாரோ அவருடைய மகளின் மானத்தைப் பற்றியே பேசிவிட்டார். அன்னையின் தூய்மையை அல்லாஹ் அறிவித்த பிறகு, இனி மிஸ்தஹுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை என்று அபூபக்ர் (ரழி) சத்தியம் செய்தார்கள். ஒரு தகப்பனின் இடத்திலிருந்து பார்த்தால் யார்தான் குறை சொல்ல முடியும்?

அப்போது இறங்கிய வசனம் இருவரையும் எந்தப் பெயரால் குறிப்பிடுகிறது என்று கவனியுங்கள். மிஸ்தஹை அவதூறு பேசியவர் என்று அது குறிப்பிடவில்லை. உறவினர், ஏழை, அல்லாஹ்வின் பாதையில் ஹிஜ்ரத் செய்தவர் என்ற தகுதிகளை வைத்தே அவர் போன்றவர்களைக் குறிப்பிடுகிறது. அபூபக்ர் (ரழி) அவர்களையும் பாதிக்கப்பட்டவர் என்று குறிப்பிடவில்லை. சிறப்பும் வசதியும் உடையவர் என்கிறது. பிறகு, மன்னித்துப் பெருந்தன்மையோடு விட்டுவிடும்படி கூறி, அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பவில்லையா என்ற பொருளில் கேட்கிறது. விரும்புகிறேன் என்று சொல்லி, அபூபக்ர் (ரழி) நிறுத்திய உதவியை மீண்டும் தொடங்கினார்கள். இனி ஒருபோதும் நிறுத்துவதில்லை என்றும் கூறினார்கள்.

தவறு செய்தவருக்கு அவருடைய நல்ல அடையாளம் ஞாபகப்படுத்தப்பட்டது. தவறுக்கு ஆளானவருக்கும் அவருடைய நல்ல அடையாளமே ஞாபகப்படுத்தப்பட்டது. அதோடு, அவரும் அல்லாஹ்வின் மன்னிப்புத் தேவைப்படுகிற ஓர் அடியான் என்பதும் சொல்லப்பட்டது. என் மகளுக்குத் தெரியாமல் சிகரட் குடித்த நான், தகுதிக்கு மிஞ்சிய ஒரு நல்ல பெயரை அவளிடமிருந்து இலவசமாகப் பெற்றவன். அந்தப் பெயர்தான் என்னைத் தூக்கிவிட்டது. அதைத் தம்பிக்குக் கொடுக்க மட்டும் என் கை வரவில்லை.

மன்னிப்பும் சாவியும்

இந்த இடத்தில் சிலர் கேட்கக்கூடும்: "அப்படியென்றால் லாச்சிச் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டுமா? இரண்டு முறை ஏமாந்தவன் மூன்றாவது முறையும் ஏமாற வேண்டுமா?"

நியாயமான கேள்வி. போதையால் சிதைந்த குடும்பங்கள், அடி வாங்கிய மனைவிமார், கடனில் மூழ்கிய பெற்றோர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் "மன்னித்துவிடுங்கள்" என்று சுலபமாகச் சொல்வது இன்னோர் அநியாயம். மன்னிப்பு வேறு, நம்பிக்கையைத் திரும்ப ஒப்படைப்பது வேறு. மன்னிப்பு ஒருவர் உள்ளத்தில் எடுக்கும் முடிவு. நம்பிக்கை இருவரும் சேர்ந்து நாளடைவில் கட்டுவது.

ஹம்ஸா (ரழி) அவர்களை உஹதில் கொன்ற வஹ்ஷி பின்னர் இஸ்லாத்தை ஏற்று வந்தார். அவருடைய இஸ்லாம் ஏற்கப்பட்டது, பழிவாங்கப்படவில்லை. ஆனால் உங்கள் முகத்தை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள முடியுமா என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் அவரிடம் கேட்டார்கள் (புகாரி). சிறிய தந்தையை இழந்தவரின் வலி அதில் இருக்கிறது. மன்னித்தவர் நெருங்கிப் பழகியே ஆக வேண்டும் என்று மார்க்கம் கட்டாயப்படுத்தவில்லை. வஹ்ஷி (ரழி) அதே ஈட்டியோடு யமாமாப் போருக்குச் சென்று, தன்னை நபி என்று வாதிட்ட பொய்யன் முஸைலமாவைக் கொல்வதில் பங்கெடுத்தார்.

அதேபோல் தவ்பாவும் வாயால் மட்டும் முடிவதல்ல. பாவத்தை விடுதல், வருந்துதல், திரும்பச் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் என்ற மூன்றோடு, மனிதனுடைய உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தல் அல்லது உரியவரிடம் ஹலால் பெறுதல் என்ற நான்காவதையும் உலமாக்கள் நிபந்தனையாகச் சொல்கிறார்கள். தம்பி உம்மாவின் காப்புகளுக்கான பணத்தை மாதம் மாதம் சிறிது சிறிதாகக் கொடுத்து வருகிறான். உம்மா வேண்டாம் என்றாலும் விடுவதில்லை. ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் அவன் முதுகு கொஞ்சம் நிமிர்வதை நான் காண்கிறேன். அந்தப் பணம் உம்மாவுக்குப் போகிறது. "கடனை அடைக்கிறவன்" என்ற பெயர் அவனுக்கு வருகிறது.

ஊர் என்ன செய்யலாம்?

ஒருவன் தன்னை மாற்றிக் கொண்டாலும் அவனுடைய பழைய பெயரை ஊர் பத்திரமாக வைத்திருக்கிறது. பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் ஊர்கள் பெயர் போனவை. வாப்பாவின் தொழில், உடலின் குறை, எப்போதோ செய்த ஒரு பிழை என எதையாவது பெயரோடு ஒட்டிவிடுவோம். அது பேரன் காலம் வரை போகும். பட்டப்பெயர் சொல்லி அழைப்பதை சூரதுல் ஹுஜுராத்தின் 11ஆவது வசனம் தடுக்கிறது. பாவத்தை விட்டு மீண்டவனை அந்தப் பழைய பாவத்தைச் சொல்லி அழைப்பதும் இதில் அடங்கும் என்று முஃபஸ்ஸிர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

மக்கா வெற்றியின்போது தப்பி ஓடிய இக்ரிமா, அபூ ஜஹ்லின் மகன். மனைவி உம்மு ஹகீம் (ரழி) பாதுகாப்புப் பெற்றுக் கொடுத்து அவரை அழைத்து வந்தார். அவர் வந்து சேர்வதற்கு முன்பே, அவருடைய தந்தையை ஏச வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குச் சொன்னதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. வருபவர் "அபூ ஜஹ்லின் மகன்" என்ற சுமையோடு சபைக்குள் நுழையக் கூடாது என்ற கரிசனை அது. அந்த இக்ரிமா (ரழி) பின்னர் ஷாம் தேசத்துப் போர்க்களத்தில் ஷஹீதானார்.

நூறு பேரைக் கொன்றவனின் ஹதீஸையும் நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். தவ்பாவின் கதவு திறந்திருக்கிறது என்று சொன்ன ஆலிம், கூடவே ஒரு வழியையும் காட்டினார். உன் ஊரை விட்டு, நல்லவர்கள் வாழும் இன்ன ஊருக்குப் போ என்றார். திருந்துவதற்கு ஓர் ஊர் தேவை. 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினரை லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். நாடு திரும்பிய முதல் வருடத்தில் அவர்களில் சுமார் 5 வீதத்தினர் மட்டுமே மீண்டும் அடிமையானார்கள். இடம் மாறியது, கூட்டாளிகள் மாறினார்கள், "படையினன்" என்ற நிலை மாறி மகனாக, கணவனாக, தொழிலாளியாக ஆனார்கள். நம் பிள்ளைகளோ புனர்வாழ்வு முடிந்து அதே சந்திக்கு, அதே கூட்டாளிகளிடம், அதே பெயருக்குத் திரும்பி வருகிறார்கள். எல்லோருக்கும் ஊர் மாற முடியாது. ஆகவே ஊர்தான் கொஞ்சம் மாற வேண்டும்.

கடந்த ரமழானில் எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் குழுவில் தம்பியைச் சேர்ப்பதற்கு நிர்வாகத்தில் ஒருவர் முன்வந்தார். இன்னொருவர் ஆட்சேபித்தார். ஊருக்கே தெரிந்த குடுக்காரன் கையால் கஞ்சியா என்றார். கடைசியில் சேர்த்தார்கள். லுஹர் முடிந்ததும் போய் அரிசி கழுவி, அஸர் வரை கிடாரத்தில் அகப்பையோடு நிற்பான். பதினைந்தாம் நோன்பளவில் பாத்திரத்தோடு வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகள் அவனைக் "கஞ்சி நானா" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். எந்தப் புனர்வாழ்வு நிலையமும் அவனுக்குக் கொடுக்காத மருந்து அது. மஹல்லாக்கள் இதற்குப் பெரிய திட்டம் போட வேண்டியதில்லை. திரும்பி வந்தவனுக்கு நாலு பேர் பார்க்கும்படியான ஒரு பொறுப்பைக் கொடுத்தாலே போதும்.

பிடிபட்ட இளைஞனின் படத்தை வட்ஸ்அப் குழுக்களில் பகிர்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளை நாளை திருந்தலாம். நீங்கள் பகிர்ந்த படம் திருந்தாது.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இந்த நாட்டில் நாம் எப்படிப் பார்க்கப்பட்டோம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், சந்தையில் நம் பெண்களின் உடையையும் நம் பைகளையும் பார்த்த அந்தப் பார்வையில் கேள்வி இருக்கவில்லை, தீர்ப்பு இருந்தது. வேறு சிலர் செய்த கொடுமையை நம் பெயரோடு சேர்த்து வாசித்தார்கள். கேட்காமல் பார்க்கப்படுவதன் வலி நமக்குத் தெரியும். தெரிந்த நாமே நம் வீட்டுக்குள், நம் பள்ளிவாசலுக்குள் அதே பார்வையை வைத்திருக்கலாமா?

எங்கள் கடையில் இப்போது லாச்சிக் கணக்கைப் பின்னேரத்தில் இருவரும் சேர்ந்தே பார்க்கிறோம். அது அவன் கேட்டுக் கொண்டது. "எனக்கும் நல்லம், உங்களுக்கும் நல்லம் நானா" என்றான். கடையின் முன்கதவுச் சாவி ஒன்று அவனிடம் இருக்கிறது. ஸுபஹுக்குப் பிறகு அவன்தான் திறக்கிறான். சாவியைக் கொடுத்த முதல் வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்பதை மறைக்க மாட்டேன். சில நாட்களில் பழைய பார்வை இன்னும் என் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. அப்போது கணக்குக் கொப்பியை மூடி வைத்துவிட்டு, அவனிடம் நேரே கேட்டுவிடுகிறேன். அவனும் பதில் சொல்கிறான்.

நம்மையும் நம் குடும்பங்களையும் திருந்தி வாழ்பவர்களாகவும், திருந்தி வருபவர்களை நல்ல பெயரால் அழைப்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.